மலைக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் மேட் வாங்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான்கு நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை வந்தால் போதும், டெல்டா மாவட்டங்களிலிருந்து முதுகுப் பையோடு மலைக்குக் கிளம்பும் கூட்டம் இப்போது பெரிது. பச்சைமலை, கொல்லிமலை, ஏற்காடு, கொடைக்கானல் என்று தொடங்கியவர்கள் உத்தராகண்டின் கேதார்காந்தா வரை போய்வருகிறார்கள். அவர்களுக்காகத் தங்கள் நாளிதழின் சுற்றுலாப் பக்கத்தில் வந்த 'எடுத்துச் செல்ல வேண்டியவை' பட்டியலில் காலணிக்கு நான்கு வரி இருந்தது. இரவுப் படுக்கைக்கோ 'ஸ்லீப்பிங் பேக் - 1' என்பதோடு சரி. உள்ளே நுழைந்து படுக்கும் அந்தப் பை எந்த மாதிரி இருக்க வேண்டும், அதற்கு அடியில் எந்த மேட்டை விரிப்பது என்று சொல்லாமல் விட்டதால், படிப்பவர் கடையில் தடிமனாகத் தெரியும் பையை வாங்கிக்கொண்டு போய் விடிய விடிய நடுங்குவார். அந்தக் குறையை நிரப்பவே இக்கடிதம்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் உண்டு. தஞ்சாவூரில் மார்கழி இரவுகூடப் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது. ஆண்டில் பத்து மாதம் குளிர்ந்த தரை நமக்குச் சுகம். முசிறிப் பக்கம் காவிரிக் கரையில் விளையும் கோரையில் நெய்த பாயை நாம் விரும்புவதே அது காற்றோட்டமாக இருப்பதாலும் தரையின் குளுமையைத் தடுக்காததாலும்தான். லேசாகக் குளிர்ந்தால் மேலே இன்னொரு போர்வை. அதற்கு மேல் நாம் யோசித்ததில்லை. மலையில் இந்தப் பழக்கம் கைகொடுக்காது. அங்கே உடம்பின் சூட்டை அதிகம் உறிஞ்சுவது தரை. ஈர மண் என்றால் உலர்ந்த மண்ணைவிடப் பல மடங்கு வேகமாக உறிஞ்சும்.

இது நமக்கு அடியோடு தெரியாத விஷயமும் இல்லை. தை மாதம் சம்பா அறுவடையின்போது களத்தில் நெல்லுக்குக் காவல் படுப்பவர் வெறும் தரையில் சாக்கை விரிக்க மாட்டார். ஒரு கை உயரத்துக்கு வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் சாக்கைப் போட்டுப் படுப்பார். வைக்கோல் தண்டுக்குள்ளும் தண்டுகளுக்கு இடையிலும் அசையாமல் நிற்கும் காற்றுதான் அவரைக் காக்கிறது. ஸ்லீப்பிங் பேக், மேட் எல்லாமே இந்த ஒரே தத்துவம்தான். ஒரு வித்தியாசம்: ஸ்லீப்பிங் பேக்கின் உள்ளடக்கம் மெத்தென்று இருப்பதால், நாம் படுத்ததும் அடிப்பக்கம் நசுங்கிக் காற்று வெளியேறிவிடுகிறது. பையை மேசைமேல் வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள், இரண்டு துணியும் ஏறக்குறைய ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு விலை உயர்ந்த பையானாலும் முதுகுக்குக் கீழே அது வெறும் துணிதான். நசுங்காத ஒன்று அடியில் வேண்டும். ஆகவே கையில் 5,000 ரூபாய் இருந்தால் 2,000 ரூபாயை மேட்டுக்கு எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் பை தேடுங்கள். பெரும்பாலோர் செய்வது 4,700 ரூபாய்க்குப் பையும் 300 ரூபாய்க்கு யோகா மேட்டும்.

மேட் எவ்வளவு தடுக்கும் என்பதைச் சொல்லும் எண்ணுக்கு 'ஆர் மதிப்பு' என்று பெயர். எண் கூடினால் தரையின் குளிர் குறைவாக ஏறும். முன்பெல்லாம் ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு அளந்து போட்டது. 2018-ல் ஏஎஸ்டிஎம் எஃப் 3340 என்ற பொதுச் சோதனை முறை வந்த பிறகு, அதன்படி அளந்த மேட்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிட முடிகிறது. கொல்லிமலை, பச்சைமலை, ஏற்காட்டுக்கு 1.5 முதல் 2 வரை போதும். டிசம்பர், ஜனவரியில் கொடைக்கானலிலோ ஊட்டியிலோ கூடாரம் போட்டுத் தங்குவதானால் 3 வேண்டும். பனிமேல் படுக்க 5-க்குக் குறையக் கூடாது. நல்ல செய்தி, இந்த எண்ணைக் கூட்டிக்கொள்ளலாம்: 2 மதிப்புள்ள மேட் ஒன்றின்மேல் அதே போல் இன்னொன்றைப் போட்டால் 4. ஸ்லீப்பிங் பேக்கில் இப்படி எளிதாகக் கூட்ட முடியாது.

எவ்வளவு குளிரும் என்பதற்கு ஒரு மனக்கணக்கு உண்டு. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர். அதாவது 13, 14 டிகிரி கழியும். தஞ்சாவூரில் அன்றிரவு 21 என்றால் கொடைக்கானலில் 7 என்று எதிர்பார்த்துப் போங்கள். வானம் தெளிந்து காற்று ஓய்ந்த இரவில், பள்ளமான இடத்தில் இன்னும் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். குளிர்காற்று தண்ணீர் மாதிரி பள்ளம் பார்த்துத்தான் ஓடும். இமயமலைக்கு இந்தக் கணக்கு செல்லாது. அங்கே அடிவாரமே குளிர்.

மேட்டில் மூன்று ஜாதி. முதலாவது, உள்ளே காற்றுக் குமிழ்கள் மூடியபடி இருக்கும் நுரை மேட். முட்டை அட்டைபோல் மேடுபள்ளமாக மடிந்து வரும் 2 செ.மீ. தடிமன் மேட்டின் ஆர் மதிப்பு 2 அளவில், எடை 400 கிராம் சொச்சம். ஓட்டையாகாது, தண்ணீர் குடிக்காது, பையின் வெளியே கட்டித் தொங்கவிடலாம். பாயில் படுத்துப் பழகிய உடம்புக்கு இதுவே மெத்தை. டெல்டாக்காரர்கள் முதலில் வாங்க வேண்டியது இது என்பது என் துணிபு. ஒருக்களித்துப் படுப்பவர்களுக்கும் வீட்டில் ஸ்பிரிங் மெத்தைக்குப் பழகிவிட்டவர்களுக்கும் இடுப்பும் தோளும் வலிக்கும். இரண்டாவது, தானே காற்றை இழுத்துக்கொள்ளும் மேட். உள்ளே பஞ்சு நுரை இருக்கும். வால்வைத் திறந்து 10, 15 நிமிடம் விட்டால் எழும்பும், கடைசியில் இரண்டு மூன்று ஊது போதும். வசதிக்குக் குறைவில்லை, கனம் அதிகம். மூன்றாவது, காற்றடைக்கும் மேட். அரை கிலோ எடையில் 6 முதல் 8 செ.மீ. உயரம் கிடைக்கும், சுருட்டினால் தண்ணீர்ப் புட்டி அளவு. ஒருக்களித்துப் படுப்பவருக்கு இதை விடச் சுகம் இல்லை. ஆனால் உள்ளே வெப்பத் தடுப்பு அடுக்கு எதுவும் இல்லாத விலை குறைந்த காற்று மேட்டில் ஆர் மதிப்பு 1-ஐச் சுற்றித்தான் இருக்கும். உள்ளிருக்கும் காற்று சுழன்று, கீழே உள்ள குளிரை மேலே கொண்டுவந்துவிடும். தடிமனைப் பார்த்து ஏமாறுவது இங்கேதான்.

ஒரு பக்கம் அலுமினியத் தகடு ஒட்டிய மெல்லிய மேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பளபளப்பு கதிர்வீச்சைத் திருப்பி அனுப்பும் என்பது சரி. அதற்குத் தகட்டுக்கும் உடம்புக்கும் நடுவே காற்று இடைவெளி தேவை. உடம்பு ஒட்டிக் கிடக்கும்போது சூடு நேராகக் கடந்து தரைக்குப் போய்விடும். தனியாக அது படுக்கைக்கு உதவாது, நுரை மேட்டுக்கு அடியில் ஈரம் தடுக்கப் போடலாம். கோரைப்பாயையும் அப்படித்தான்.

பெட்டியில் ஆர் மதிப்பே அச்சிடாத மேட்டுகள் நம் கடைகளில் ஏராளம். வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். தண்ணீரை உறையவைத்த ஐஸ் தட்டு ஒன்றைத் தரையில் வைத்து, மேல் மேட்டை விரித்து, அதன்மேல் இரண்டு கிலோ அரிசிப் பையை 20 நிமிடம் வையுங்கள். பையை எடுத்துவிட்டு அந்த இடத்தைப் புறங்கையால் தொடுங்கள். ஏற்கெனவே நன்றாக உழைத்த மேட் ஒன்றோடு மாற்றிப் பார்த்தால் எது தேறும் என்று தெரிந்துவிடும். காற்று மேட்டைப் படுக்கும் அளவுக்கு நிரப்பிய பிறகே இப்படிச் சோதிக்க வேண்டும்.

காற்று மேட்டை வாயால் ஊதாதீர்கள். மூச்சின் ஈரம் உள்ளே தங்கி, நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சணம் பிடிக்கும். கூடவே தரும், காற்று நிரப்பும் பையைப் பயன்படுத்துங்கள். கல்லாக நிரப்பவும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கையில் இடுப்பெலும்பு தரையைத் தொடாமல் இருந்தால் அதுவே அளவு. மாலையில் நிரப்பியது நடுஇரவில் தளர்ந்திருந்தால் உடனே ஓட்டை என்று பதறாதீர்கள், குளிரில் காற்று சுருங்கும். விடிந்து வெயில் பட்டும் தளர்ந்தே இருந்தால்தான் ஓட்டை. சைக்கிள் டியூப் பார்ப்பதுபோல் தண்ணீரில் அமுக்கிக் குமிழ் வரும் இடத்தைப் பேனாவால் வட்டமிடலாம், மலையில் சோப்பு நுரை தடவினாலும் தெரியும். ஒட்டும்போது மட்டும் சைக்கிள் கடை சொல்யூஷன் வேண்டாம். அது ரப்பருக்கானது, பாலியூரித்தேன் பூச்சுள்ள நைலானில் நெடுநேரம் நிற்காது. மேட்டோடு தந்த ஒட்டுத் துண்டையே, சுற்றிலும் ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவைத்து ஒட்டி, அரை மணி நேரம் அழுத்தி வையுங்கள். படுக்கும் இடத்தைக் கையால் தடவிச் சீமைக் கருவேல முள்ளையும் சுள்ளியையும் அகற்றி, ஒரு தார்பாய்த் துண்டைப் போட்டுவிட்டால் இந்த வேலையே பெரும்பாலும் வராது.

இனி ஸ்லீப்பிங் பேக். அட்டையில் பெரிதாக '0 டிகிரி' என்று போட்டிருப்பதை நம்பி வாங்குவதுதான் முதல் தவறு. ஐஎஸ்ஓ 23537 என்ற தரப்படி சோதித்த பையில் மூன்று எண்கள் இருக்கும். 'கம்ஃபர்ட்' என்பது ஒரு சராசரிப் பெண் உடலைத் தளர்த்திப் படுத்துக் குளிர் உணராமல் தூங்கும் அளவு. 'லிமிட்' என்பது ஒரு சராசரி ஆண் சுருண்டு படுத்துச் சமாளிக்கும் அளவு. 'எக்ஸ்ட்ரீம்' என்பது ஒரு பெண் ஆறு மணி நேரம் உயிரோடு தாக்குப்பிடிக்கும் எல்லை. தூக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, உறைகுளிர் பாதிப்பு வரலாம். பெரிய எழுத்தில் போடுவது பல நேரம் இரண்டாவது எண், சில நேரம் மூன்றாவது. ஆணோ பெண்ணோ, கம்ஃபர்ட் எண்ணை மட்டும் பாருங்கள். வெயிலில் வளர்ந்த நமக்கு அதிலும் 3 முதல் 5 டிகிரி கையிருப்பு வைத்துக்கொள்வது நல்லது: 7 டிகிரி எதிர்பார்த்தால் கம்ஃபர்ட் 2 முதல் 4. இன்னொன்று, அந்தச் சோதனையில் ஆள் உருவப் பொம்மைக்கு உள்ளாடைத் துணி போட்டு, தடிமனான மேட்டின்மேல்தான் படுக்கவைக்கிறார்கள். வெறுந்தரையில் படுத்துவிட்டுப் பை ஏமாற்றிவிட்டது என்பது நியாயமில்லை. எந்தத் தரமும் குறிப்பிடாமல் '0 முதல் 15 வரை' என்று மட்டும் எழுதிய 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம் இழை) பையை, மேல் எண்ணான 15-க்கு உரியதாகவே கருதுங்கள்.

உள்ளடக்கம் இரண்டு வகை. ஒன்று செயற்கை இழை. கடைக்காரர் 'ஹாலோ ஃபைபர்' என்பார். மற்றது தூவி. அறுத்த வயலில் மேயும் வாத்தைப் பிடித்து நெஞ்சுப் பக்கம் இறகை விலக்கிப் பார்த்தால் தண்டே இல்லாமல் பஞ்சுபோல் ஒன்று இருக்குமே, அதுதான். 600 என்று குறித்த தூவி 28 கிராமுக்குச் சுமார் 10 லிட்டர் இடத்தை நிரப்பும், 800 என்றால் 13 லிட்டர். அதனால்தான் அது அவ்வளவு லேசு, அவ்வளவு விலை. விலை குறைந்த 'தூவி'ப் பைகளில் இறகுத் தண்டு கலந்திருக்கும். துணியைக் கிள்ளிப் பார்த்தால் விரலில் குத்தும். தூவியின் பலவீனம் ஈரம். நனைந்தால் கட்டியாகித் தடுப்பு போய்விடும், உலர நாட்கள் ஆகும். செயற்கை இழை நனைந்தாலும் பாதியாவது வேலை செய்யும். மழைக்கால மேற்கு மலைத் தொடருக்கும், மலையிலிருந்து திரும்பி ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பையை வைத்திருக்கப்போகிற நமக்கும் முதல் பை செயற்கை இழையாக இருப்பதே புத்தி. பல நாள் நடக்கும் இமயமலைப் பயணம் அடிக்கடி உண்டு, உலர்வாக வைக்க இடமும் உண்டு என்றால் தூவிக்குப் போகலாம்.

கடையில் வெறுமே தொட்டுப் பார்த்து வாங்காதீர்கள். தரையில் விரித்து உள்ளே படுத்து ஜிப்பை மேல்வரை ஏற்றுங்கள். கால் விரல்கள் நுனியை அழுத்தினால் அந்த இடத்தில் இழை நசுங்கி இரவு முழுக்கக் கால் குளிரும். உயரத்தைவிட 20 செ.மீ. கூடுதல் வேண்டும். அதற்காகத் தாராளமாக இருக்கட்டும் என்று இரண்டு அளவு பெரிதாகவும் எடுக்கக் கூடாது. உள்ளே இருக்கும் காலி இடத்தையும் உங்கள் உடம்புதான் சூடாக்க வேண்டும். கால்பக்கம் குறுகிய 'மம்மி' வடிவம் சூடு காக்கும், ஆனால் காலை அகட்டிப் படுப்பவருக்குச் சிறை. ஏற்காடு அளவுக் குளிருக்குச் சதுரப் பையே போதும். பையை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இழை விலகிய இடம் தெரியும். மேல் துணியையும் உள் துணியையும் சேர்த்து நேராகத் தைத்திருந்தால் தையல் கோடு நெடுகக் குளிர் நுழையும். ஜிப்புக்குப் பின்னால் இழை நிரப்பிய குழாய்போன்ற மடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். குறைந்த விலைப் பைகளில் விட்டுவிடுவது அதைத்தான். ஜிப்பை இருட்டில் ஒரு கையால் பத்து முறை ஏற்றி இறக்குங்கள். துணியைக் கவ்வினால் இழுக்காமல், வந்த வழியே பின்னுக்கு நகர்த்தி விடுவிக்க வேண்டும்.

இரவில் நாம் செய்யும் பெரிய தவறு, பழக்கப்படி தலைவரை இழுத்து மூடிக்கொண்டு உள்ளே மூச்சுவிடுவது. மூச்சின் ஈரம் விடிவதற்குள் இழையில் இறங்கிவிடும். மூக்கும் வாயும் வெளியே, தலைக்குக் குல்லா. பகலில் வியர்த்த பனியனோடு படுக்காமல் உலர்ந்த உடையும் உலர்ந்த காலுறையும் மாற்றுங்கள். இருக்கிற ஸ்வெட்டர் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு நுழைந்தால் உள்ளிருந்து இழை நசுங்கும். மிச்சத் துணியைப் பையின்மேல் போர்த்துவது மேல். படுப்பதற்கு அரை மணிக்கு முன்பே பையை உதறி விரித்தால்தான் இழை எழும்பும். மூடி கசியாத புட்டியில் வெந்நீரை ஊற்றிக் காலுறைக்குள் போட்டுக் கால்மாட்டில் வைப்பது கைகண்ட வழி.

உள்ளுறை ஒன்று இருந்தால் பையைத் துவைக்கும் வேலை பாதி குறையும். கடையில் வாங்கத் தேவையில்லை. எட்டு முழ வேட்டி ஒன்றைக் குறுக்கே இரண்டாக மடித்து, 80 செ.மீ. அகலத்துக்கு வெட்டி, ஒரு பக்கம் முழுதும் மறுபக்கம் மேலே 50 செ.மீ. விட்டும் தைத்துவிட்டால் சுமார் 180 செ.மீ. நீள உறை. ஐந்தரை அடி ஆளுக்குத் தாராளம். பழைய வேட்டியானால் இன்னும் மெத்தென்று இருக்கும்.

வாங்கிய பையைக் கெடுப்பது மலையைவிட வீடுதான். அமுக்கிக் கட்டிய சிறு உறையிலேயே பரணில் போட்டுவிட்டு அடுத்த வருஷம் எடுத்தால், இழை மடிந்தபடியே செத்திருக்கும். கம்ஃபர்ட் எண் அட்டையில் மட்டும் மிஞ்சும். பெரிய பருத்திப் பையிலோ தலையணை உறையிலோ தளர்வாக வையுங்கள், அல்லது அலமாரியில் தொங்கவிடுங்கள். பாலிதீன் கவர் கூடவே கூடாது. மழைக்காலத்தில் சிலிகா ஜெல் பொட்டலங்கள் போட்டு, மழை விட்ட நாளில் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி நிழலில் காற்றாட விடுங்கள். நாள் முழுக்கச் சித்திரை வெயிலில் போட்டால் நைலான் நூல் வலுவிழக்கும். தானே காற்றிழுக்கும் மேட்டைச் சுருட்டாமல், வால்வைத் திறந்து கட்டிலுக்கு அடியில் விரித்தே வைக்க வேண்டும். துவைப்பதானால் பெரிய தொட்டியில் திரவ சோப்பு, துணியை மென்மையாக்கும் திரவ வகையறா வேண்டாம், முறுக்கிப் பிழியவும் வேண்டாம். ஈரத்தோடு ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் கனம் தாங்காமல் உள் தடுப்புகள் கிழியும். இரு கையாலும் குழந்தையைப்போல் ஏந்தி எடுங்கள். தூவிப் பை நிழலில் உலர இரண்டு மூன்று நாள் பிடிக்கும். இடையிடையே கட்டிகளை விரலால் உதிர்த்துவிட வேண்டும்.

பயணம் அழைத்துச் செல்பவர்களிடம் பை வாடகைக்கு எடுப்போர், கம்ஃபர்ட் எண்ணையும் மேட்டின் ஆர் மதிப்பையும் முன்பணம் கட்டும் முன்பே கேட்டு வாங்க வேண்டும். ஒரே பை எத்தனை பருவம் அமுக்கி விரிக்கப்பட்டது என்றும் கேளுங்கள். காட்டுக்குள் இரவு தங்க வனத்துறை அனுமதி இருக்கிறதா என்பதையும் சேர்த்துத்தான்; 2018 மார்ச்சில் மலையேறப் போனவர்கள் பலர் இறந்த குரங்கணி காட்டுத்தீக்குப் பிறகு இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. தாங்களும் அடுத்த முறை பட்டியல் வெளியிடும்போது 'ஸ்லீப்பிங் பேக் - 1' என்ற வரிக்குப் பதிலாக, போகும் இடத்தின் இரவு வெப்பநிலை, அதற்கேற்ற கம்ஃபர்ட் எண், மேட்டின் ஆர் மதிப்பு ஆகிய மூன்றையும் அச்சிட வேண்டுகிறேன். மேட்டை மேலே போடுங்கள், பையை அதற்கு அடுத்த வரியில்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கும்பகோணம்.